பிகிள்ஸ் படிக்கத் தொடங்குவோருக்கு: எந்தப் புத்தகம் முதலில், எந்தப் பதிப்பு, கேமல் விமானத்தை எப்படிப் புரிந்துகொள்வது

ஏறத்தாழ 100 புத்தகங்கள். பிகிள்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்விமானியைப் பற்றி 1932இல் தொடங்கி, எழுதியவர் 1968இல் இறந்த பிறகும் ஓரிரு ஆண்டுகள் வந்துகொண்டிருந்த ஆங்கிலச் சாகசக் கதை வரிசை. பிகிள்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டு உள்ளே நுழைபவருக்கு எதை முதலில் எடுப்பது என்பதே பெரிய சிக்கல். பழைய புத்தகக் கடையில் கைக்குக் கிடைத்த ஒன்றை எடுப்பார்கள். அது பெரும்பாலும் 1950களில் வந்த சுமாரான கடத்தல்காரன் கதையாக இருக்கும். 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று மூடிவைத்துவிடுவார்கள். வரிசையில் குறையில்லை, நுழைந்த வாசல்தான் தவறு.

நுழைய வேண்டிய இடம் முதலாம் உலகப் போர்க் கதைகள். 1916 முதல் 1918 வரை பிரான்சின் மேல் பறக்கும் அந்தப் பையனைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் நடுவயது பிகிள்ஸ் யார் என்பது விளங்கும். கூடவே, அவன் ஓட்டும் விமானம் எப்படி வேலை செய்கிறது என்பதும் கொஞ்சம் தெரிய வேண்டும். இந்தக் கதைகளில் பாதித் திருப்பங்கள் காற்று, உயரம், எரிபொருள், குண்டு சிக்கி நின்றுபோன துப்பாக்கி ஆகியவற்றில்தான் இருக்கின்றன.

ஆள் யார்

முழுப் பெயர் ஜேம்ஸ் பிகிள்ஸ்வொர்த். கதைப்படி 1899 மே மாதம் இந்தியாவில் பிறந்தவன். அப்பா ஐக்கிய மாகாணத்தில் ஆங்கில அரசின் அதிகாரி. இங்கிலாந்தில் பள்ளி, 17 வயதில் ராயல் ஃப்ளையிங் கோர் என்ற அன்றைய பிரிட்டிஷ் விமானப்படை. பயிற்சி முடிந்து பிரான்சில் 169ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), பிறகு மரானிக் என்ற விமானத்தளத்தில் இருக்கும் 266ஆம் ஸ்குவாட்ரன். மரானிக் கற்பனை ஊர். வரைபடத்தில் தேட வேண்டாம். 266 என்ற எண்ணில் நிஜமான ஸ்குவாட்ரனும் உண்டு. அது 1918இல் நீர்மூழ்கிகளைத் தேட அமைக்கப்பட்ட கடல் விமானப் பிரிவு. கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதன் வரலாற்றை இணையத்தில் படித்துக் குழம்பியவர்கள் உண்டு.

எழுதியவர் வில்லியம் ஏர்ல் ஜான்ஸ். 1893இல் ஹெர்ட்ஃபோர்டுக்கு அருகே பிறந்தவர். கலிப்போலியில் குதிரைப்படைப் பிரிவு, சலோனிகாவில் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவு, 1917இல் விமானப்படை. 1918 கோடையில் 55ஆம் ஸ்குவாட்ரனில் டிஎச்-4 குண்டுவீச்சு விமானி. செப்டம்பர் 16 அன்று மன்ஹைம் நகரை நோக்கிப் போன தாக்குதலில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கண்காணித்த துணை வீரர் (அப்சர்வர்) இறந்தார். ஜான்ஸ் போர் முடியும் வரை ஜெர்மனியில் கைதி. ஆக, அவர் பிகிள்ஸைப் போலக் கேமல் என்ற போர்விமானத்தை ஓட்டிச் சண்டை போட்டவரல்லர். கேமல் கதைகளில் வருபவை பெரும்பாலும் மெஸ்ஸில் (அதிகாரிகளின் உணவுக்கூடத்தில்) கேட்டவை, சகாக்களுக்கு நேர்ந்தவை. ஆனால் குண்டடி பட்ட விமானத்தில் இருப்பது எப்படியிருக்கும் என்று எழுதும்போது அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அட்டையில் 'கேப்டன்' என்று இருக்குமே, அது அவர் தாமே சூட்டிக்கொண்டது. விமானப்படையை விட்டு 1927இல் வெளியேறும்போது அவர் அதற்குக் கீழான ஃப்ளையிங் ஆபீசர்தான்.

முதல் கதை 'தி வைட் ஃபோக்கர்'. 1932 ஏப்ரலில், ஜான்ஸே ஆசிரியராக இருந்த 'பாப்புலர் ஃப்ளையிங்' இதழில், வில்லியம் ஏர்ல் என்ற பெயரில் வெளிவந்தது. அது விமான ஆர்வலர்களுக்கான பெரியவர்கள் இதழ். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பதிப்புகளைப் பற்றிப் பேசும்போது உதவும்.

முதல் மூன்று புத்தகங்கள்

வெளியான வரிசைப்படி படிப்பதா, கதை நடக்கும் காலவரிசைப்படி படிப்பதா என்று வாசகர்கள் சண்டை போடுவார்கள். புதியவருக்கு இரண்டுமே சரிவராது. காலவரிசைப்படி போனால் 'தி பாய் பிகிள்ஸ்' முதலில் வரும். அது இந்தியாவில் கழிந்த சிறுவயதைப் பற்றி 1968இல், கடைசிக் காலத்தில் எழுதப்பட்ட சிறுகதைத் தொகுப்பு. அடுத்தது 1951இல் வந்த பள்ளிக்கூடக் கதை. இரண்டிலும் விமானம் ஓட்டுவதே கிடையாது. வெளியான வரிசைப்படி போனாலோ, போர்க் கதைகளுக்கும் பிரேசில் புதையல் வேட்டைக்கும் நடுவே முன்னும் பின்னும் தாவ வேண்டியிருக்கும்.

எனவே இப்படித் தொடங்குங்கள்.

'பிகிள்ஸ் லேர்ன்ஸ் டு ஃப்ளை' (1935). விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத வாசகருக்கு இதைவிட நல்ல முதல் படி இல்லை, ஏனென்றால் இதில் பிகிள்ஸுக்கும் ஒன்றும் தெரியாது. 'ரம்பெட்டி' என்று கேலியாக அழைக்கப்பட்ட மாரிஸ் ஃபார்மன் பயிற்சி விமானத்தில் தொடங்கி, சில மணிநேரப் பயிற்சியோடு போர்முனைக்கு அனுப்பப்படுகிறான். அங்கே எஃப்.இ.2பி என்ற இருவர் விமானம். இதில் எஞ்சினும் சுழலியும் (ப்ரொப்பெல்லர்) விமானிக்குப் பின்னால் இருக்கும். துப்பாக்கிக்காரர் மூக்கில், விமானிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பின்பக்கம் வரும் எதிரியைச் சுட அவர் இருக்கையின் மேல் ஏறி நின்று, மேல் இறக்கைக்கு மேலாகச் சுட வேண்டும். முழங்காலுக்கு மேலே பிடிமானம் எதுவும் கிடையாது. இந்த அமைப்பு மனதில் படிந்துவிட்டால் மார்க் வே என்ற துப்பாக்கிக்காரர் வரும் அத்தியாயங்கள் வேறு மாதிரி வாசிக்கும். புத்தகத்தின் பிற்பகுதியில் பிகிள்ஸ் 266க்கு மாறுகிறான்.

'தி கேமல்ஸ் ஆர் கமிங்' (1932). வரிசையின் முதல் புத்தகம், 17 கதைகள். இங்கே பிகிள்ஸ் தேர்ந்த விமானி. ஒல்லியான, வெளிறிய முகம், ஓயாமல் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும் கைகள், நரம்பு தளர்ந்த இளைஞன். சாகச நாயகன் என்று நினைத்து வருபவருக்கு இது அதிர்ச்சிதான். 'அஃபேர் டி கேர்' என்ற கதையில் மேரி ஜானிஸ் என்ற பெண் வருகிறாள். அதன் முடிவை யார் சொன்னாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அந்தக் கதைக்குப் பிறகு பிகிள்ஸின் நடத்தையில் ஏற்படும் மாற்றத்தைக் கவனித்தபடி கடைசிக் கதை வரை போக வேண்டும். கதைகளை முன்னும் பின்னும் மாற்றிப் படித்தால் அந்த இறக்கம் தெரியாமலே போய்விடும்.

'பிகிள்ஸ் ஃப்ளைஸ் ஈஸ்ட்' (1935). முழுநீள நாவல், களம் பாலஸ்தீனம். லண்டனில் ஒருவர் பிகிள்ஸை வேறு ஆளென்று நினைத்துப் பேச்சுக் கொடுக்க, அதைப் பிடித்துக்கொண்டு அவன் புரூனோவ் என்ற பெயரில் ஜெர்மன் விமானப்பிரிவுக்குள் ஒற்றனாக நுழைகிறான். இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்வதாக நடிப்பதால் எந்த விமானத்தில் எந்தப் பக்கம் பறந்தாலும் யாராவது சுடுவார்கள். பிகிள்ஸின் நெடுநாள் எதிரியான ஜெர்மன் உளவதிகாரி எரிக் வான் ஸ்டால்ஹைன் அறிமுகமாவது இதில்தான். மொத்த வரிசையிலும் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்பவருக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றையும் முடித்த பிறகு 'பிகிள்ஸ் ஆஃப் தி கேமல் ஸ்குவாட்ரன்' (1934), 'பிகிள்ஸ் இன் பிரான்ஸ்' (1935) ஆகிய தொகுப்புகளுக்குப் போகலாம். இவை கொஞ்சம் குறும்புத்தனமானவை; மெஸ் விருந்துக்கு வான்கோழி தேடி அலைகிற மாதிரியான கதைகளும் உண்டு.

பதிப்பைப் பார்த்து வாங்குவது

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தொடக்கக் கதைகள் பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பின்னர் வாசகர்கள் பெரும்பாலும் 10, 12 வயதுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும், 1950களிலிருந்து வந்த சில மறுபதிப்புகளில் மதுவும் வசவும் வெட்டப்பட்டன. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 'தி பலூனாட்டிக்ஸ்' என்ற கதையைத் திறந்து பாருங்கள். எதிரியின் கண்காணிப்பு பலூனை வீழ்த்துவதில் இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கிடையே பந்தயம். பந்தயப் பொருள் விஸ்கிப் பெட்டி என்றால் அது மூலப் பாடம். லெமனேட் என்று இருந்தால் கை வைக்கப்பட்ட பாடம். உயிரைப் பணயம் வைத்துப் பலூன் மேல் பாயும் போர்விமானிகள் ஒரு பெட்டி எலுமிச்சைச் சாற்றுக்காக அதைச் செய்வதாக எழுதியிருப்பதைப் படித்தால் சிரிப்புதான் வரும். நகைச்சுவையோடு போகட்டும். ஆனால் கடைசிக் கதையில் பிகிள்ஸ் காலை உணவுக்கு முன்பே குடிக்கிறான் என்பதைக் கண்டு ஸ்குவாட்ரன் தலைவர் மேஜர் மல்லன் கவலைப்படும் இடம் சிதைந்தால் புத்தகத்தின் முதுகெலும்பே போய்விடும்.

இரண்டாவது பொறி, ஒரே கதைக்கு இரண்டு முறை காசு கொடுப்பது. 'பிகிள்ஸ், பயனியர் ஏர் ஃபைட்டர்' (1954), 'பிகிள்ஸ் ஆஃப் 266' (1956) என்ற இரண்டும் புதிய புத்தகங்கள் போலத் தோன்றும். உள்ளே இருப்பவை 1930களின் போர்க் கதைகளே. அவை கிடைத்து, 'கேமல்ஸ்' கிடைக்காவிட்டால் தாராளமாக வாங்குங்கள். 'கேமல்ஸ்' கையில் இருந்தால் பொருளடக்கத்தை ஒப்பிடாமல் வாங்காதீர்கள். இதே போல, 'ஸ்பிட்ஃபயர் பரேட்' (1941) தொகுப்பின் பல கதைகள் பழைய கேமல் கதைகளையே இரண்டாம் உலகப் போருக்கு ஏற்ப மாற்றி எழுதியவை. முன்பு படித்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் உங்கள் நினைவு சரியாகத்தான் இருக்கிறது.

பழைய பிரதி வாங்கும்போது அட்டையை நம்பாமல் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். முதற்பதிப்பு ஆண்டும் இந்த அச்சின் ஆண்டும் தனித்தனியாக இருக்கும். பதிப்பகப் பெயரிலிருந்தும் காலத்தை ஊகிக்கலாம்: தொடக்கத்தில் ஜான் ஹாமில்டன், 1935இலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு, 1940களில் ஹோடர் அண்ட் ஸ்டௌட்டன், அதன் பின் பிராக்ஹாம்ப்டன். ஆர்மடா, டீன் ஆகியவை மலிவு மறுபதிப்புகள். படிக்கப் போதும், ஆனால் போர்க் கதைகளில் மேலே சொன்ன லெமனேட் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மின்னூல் தேடுபவர்கள் காப்புரிமையைக் கவனிக்க வேண்டும். ஜான்ஸ் இறந்தது 1968 ஜூன். கனடாவில் அவர் வாழ்நாளில் வெளியான நூல்கள் 2019 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாகிவிட்டன. இந்தியாவில் இறப்புக்குப் பின் 60 ஆண்டு என்பதால் 2028 இறுதி வரை காப்புரிமை உண்டு. பிரிட்டனில் 2038 இறுதி வரை. கனடாத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் இங்கே தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

கேமலை அறிந்துகொள்வது

சோப்வித் கேமல் 1917 கோடையில் போர்முனைக்கு வந்த ஒற்றை இருக்கை இரட்டை இறக்கை விமானம். இறக்கை நீளம் 28 அடி. வழக்கமான எஞ்சின் 130 குதிரைசக்தி கிளெர்ஜே. உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 115 மைல், அதாவது 185 கிலோமீட்டர். கதையில் வேகம் மைலிலும் உயரம் அடியிலும்தான் வரும், மைலை 1.6ஆல் பெருக்குங்கள், 1,000 அடியை 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் துல்லியம் போதும்.

இந்த எஞ்சின் 'ரோட்டரி' வகை. நம் காலத்து எஞ்சினில் உருளைகள் நிலையாக இருக்க, உள்ளே தண்டு சுழலும். ரோட்டரியில் தண்டு விமானத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்பது உருளைகளும் சுழலியோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். அவ்வளவு கனம் மூக்கில் சுற்றினால் அது ஒரு பெரிய பம்பரம்தான். பம்பரத்தைச் சாய்க்க முயன்றால் அது வேறு திசையில் இழுக்குமல்லவா, கேமலும் அப்படியே. வலப்பக்கம் திருப்பினால் மூக்கு கீழே இறங்கும். இடப்பக்கம் திருப்பினால் மூக்கு மேலே எழும்பும். இரண்டுக்குமே இடது காலால் வால் சுக்கானை மிதித்துச் சரிசெய்ய வேண்டும். வலப்பக்கத் திருப்பம் மின்னல் வேகம், இடப்பக்கம் மந்தம். அதனால் இடப்பக்கம் 90 பாகை திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கமாக 270 பாகை சுற்றி வருவதே சில விமானிகளுக்கு விரைவாக இருந்தது. பிகிள்ஸ் துரத்தப்படும் ஒவ்வொரு கதையிலும் அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பாருங்கள்.

எஞ்சின், துப்பாக்கிகள், விமானி, எரிபொருள் எல்லாம் முன்பக்கத்தில் ஏழடிக்குள் நெருக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்த நெருக்கம்தான் கேமலின் சுறுசுறுப்புக்குக் காரணம், புதியவர்களைக் கொன்றதற்கும் அதுவே காரணம். தரையிலிருந்து எழும்பிய சற்று நேரத்தில் எரிபொருள் கலவையை மெலிதாக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் திணறி நிற்கும். நின்றதும் பதறி விமானத்தைத் திருப்பினால் இறக்கை பிடிப்பை இழந்து சுழன்று விழும். 200 அடி உயரத்தில் அந்தச் சுழற்சியிலிருந்து மீள இடம் கிடையாது. பயிற்சியிலும் விபத்திலும் இறந்த கேமல் விமானிகளின் எண்ணிக்கை சண்டையில் இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு அருகில் வரும். கதையில் புதிய பையன் ஒருவன் ஸ்குவாட்ரனுக்கு வந்து சேரும்போது மற்றவர்கள் அவனிடம் சட்டென்று ஒட்டாமல் இருப்பதற்கு இதுதான் பின்னணி.

எண்ணெயையும் சொல்ல வேண்டும். ரோட்டரிக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்கள். அது எஞ்சினைச் சுற்றி மீண்டும் தொட்டிக்கு வராமல் எரிந்தும் எரியாமலும் வெளியே தெறிக்கும். விமானியின் கண்ணாடி, முகம், வாய் எல்லாம் எண்ணெய். இரண்டு மணிநேரம் விளக்கெண்ணெய்ப் புகையை விழுங்கினால் வயிறு என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜான்ஸ் இதை எழுதாமல் விட்டுவிட்டார்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி ரோட்டரியில் மிகக் குறைவு. இறங்கும்போது கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தி மின்பொறியை வெட்டி வெட்டி விடுவார்கள். எஞ்சின் விட்டு விட்டு உறுமிக்கொண்டு ஒரு விமானம் வருவதாகப் படித்தால் அது பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், சாதாரணமாகத் தரையிறங்குகிறது.

துப்பாக்கி இரண்டு விக்கர்ஸ். சுழலியின் இதழ்களுக்கிடையே சுடும்படி எஞ்சினோடு இணைக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் சுமார் 250 குண்டுகள் கொண்ட பட்டை. விசையை விடாமல் அழுத்தினால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. குண்டு சிக்கிக்கொள்வதும் சகஜம். அதைத் தட்டிவிடச் சிறு சுத்தியலை விமானி கூடவே வைத்திருப்பார். சண்டையின் நடுவே துப்பாக்கி நின்றுபோவது ஜான்ஸுக்குப் பிடித்த திருப்பம். வசதிக்காகக் கதாசிரியர் செய்யும் தந்திரம் என்று தோன்றும், ஆனால் நிஜத்தில் அப்படித்தான் நடந்தது.

பாராசூட் கிடையாது. பலூன்காரர்களுக்கு இருந்தது, பிரிட்டிஷ் விமானிகளுக்கு இல்லை. கேமலில் முதன்மை எரிபொருள் தொட்டி விமானியின் முதுகுக்குப் பின்னால். தீப்பிடித்தால் என்ன வழி என்ற கேள்வி எல்லாக் கதைகளிலும் வாய்திறந்து பேசப்படாமல் நிற்கிறது.

காற்று, உயரம், வெயில்

ஒரு வான்சண்டை அத்தியாயத்தைப் படிக்கும்போது ஒரு துண்டுத் தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் உயரத்தில், வெயில் யாருக்குப் பின்னால், காற்று எந்தப் பக்கம், கிளம்பி எத்தனை நேரம். இரண்டு மூன்று அத்தியாயங்களுக்குப் பிறகு தாள் தேவைப்படாது.

இவற்றில் காற்றைத்தான் பலரும் கவனிக்காமல் விடுவார்கள். மேற்குப் போர்முனையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும்; பிரிட்டிஷ் விமானங்கள் போவதும் கிழக்கே, ஜெர்மன் பக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானத்தின் வேகம் மணிக்கு 100 மைல், காற்று 30 மைல், எல்லைக்கோட்டிலிருந்து 20 மைல் உள்ளே போகிறான் பிகிள்ஸ். போகும்போது தரைவேகம் 130, ஒன்பது நிமிடத்தில் போய்விடுவான். திரும்பும்போது 70, பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடமும் எதிரியின் பீரங்கிக்கும் விமானத்துக்கும் மேலேதான். சண்டையில் சுற்றிச் சுற்றி வந்தபோதும் காற்று இன்னும் கிழக்கே தள்ளியிருக்கும். கேமல் ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் இரண்டரை மணிநேரம் பறக்கும். எஞ்சின் குண்டடிபட்டு நின்றால் 10,000 அடியிலிருந்து சறுக்கி வருபவன் எல்லைக்கோட்டை எட்டுவானா மாட்டானா என்பதும் காற்றின் கையில். ஜெர்மானியர்கள் பெரும்பாலும் தங்கள் பக்கத்திலேயே காத்திருந்ததில் கோழைத்தனம் ஏதுமில்லை, கணக்குதான். பாத்திரங்கள் ஏளனமாகப் பேசினாலும் நீங்கள் அதில் மயங்க வேண்டாம்.

உயரம் என்பது சேமித்து வைத்த வேகம். மேலே இருப்பவன் எப்போது பாய்வது என்று முடிவு செய்வான். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து வருபவன் தெரியமாட்டான். 15,000 அடிக்கு மேல் ஆக்சிஜன் இல்லாமல் பறந்தார்கள். தலைவலி, குளிர், தவறான முடிவு எல்லாம் அங்கிருந்து வந்தவை.

பதவியும் கொச்சைச் சொற்களும்

ஒரு ஸ்குவாட்ரனில் மூன்று ஃப்ளைட். ஒரு ஃப்ளைட்டில் சுமார் ஆறு விமானம். ஃப்ளைட்டுக்குக் கேப்டன், ஸ்குவாட்ரனுக்கு மேஜர். 1918 ஏப்ரல் 1 வரை விமானப்படை தரைப்படையின் கிளை என்பதால் பதவிப் பெயர்களும் தரைப்படையினுடையவை. 1919இல் பெயர்கள் மாறின. இதனால் பின்னால் வரும் புத்தகங்களில் ஸ்குவாட்ரன் லீடர், ஏர் கமோடோர் என்றெல்லாம் வரும். முதல் போரில் உளவுத்துறை கர்னலாக வரும் ரேமண்டும், பின்னாளில் ஸ்காட்லாந்து யார்டில் உட்கார்ந்திருக்கும் ஏர் கமோடோர் ரேமண்டும் ஒரே ஆள்.

கொச்சைச் சொற்களில் நாலைந்து தெரிந்தால் போதும். 'ஆர்ச்சி' விமான எதிர்ப்புப் பீரங்கி, 'ஹன்' ஜெர்மானியர் (அந்தக் காலத்து வசவு), 'பஸ்', 'கிரேட்' இரண்டும் விமானம், 'டட்' என்றால் பறக்க முடியாத வானிலை, 'வெரி லைட்' கைத்துப்பாக்கியால் வானில் சுடும் வண்ணச் சுடர். மீதியை வாக்கியத்திலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். ஜான்ஸின் ஆங்கிலம் எளிமையானது, வாக்கியங்கள் சிறியவை.

அடுத்து என்ன

இங்கிருந்து இரண்டு தடங்கள் பிரிகின்றன. ஒன்று நண்பர்கள் தடம். ஆல்ஜி லேஸி, பிகிள்ஸின் உறவுக்காரன், போர்க் கதைகளிலேயே வந்துவிடுகிறான். 'தி பிளாக் பெரில்' (1935) நாவலில் ஜிஞ்சர் ஹெபிள்த்வெயிட், சுரங்கத் தொழிலாளியின் மகன். ஒற்றைக்கண் கண்ணாடி போட்ட பெர்ட்டி பிரபு 'ஸ்பிட்ஃபயர் பரே'டில். நால்வரும் சேர்ந்த பிறகு வந்தவற்றில் 'பிகிள்ஸ் ஃபெயில்ஸ் டு ரிட்டர்ன்' (1943) தனித்து நிற்கும். பிகிள்ஸ் பிரான்சின் தெற்கே காணாமல் போக, மற்ற மூவர் தேடுகிறார்கள். நாயகன் பெரும்பாலும் கண்ணில் படாத நாவல், ஆனாலும் வேகம் குறையாது. கல்கத்தாவிலிருந்து கிளம்பும் விமானங்கள் காரணமில்லாமல் மறையும் 'பிகிள்ஸ் இன் தி ஓரியண்ட்' (1945) நல்ல மர்மம்.

மற்றொன்று ஸ்டால்ஹைன் தடம். 'ஃப்ளைஸ் ஈஸ்ட்'டுக்குப் பின் 'பிகிள்ஸ் அண்ட் கோ' (1936), பிறகு 'பிகிள்ஸ் இன் தி பால்டிக்' (1940). இதையடுத்து ஒரு சிறு எச்சரிக்கை: நார்வே ஆக்கிரமிப்பில் நடக்கும் 'டிஃபைஸ் தி ஸ்வஸ்திகா'வும் பின்லாந்துப் போரில் நடக்கும் 'சீஸ் இட் த்ரூ'வும் 1941இல் இந்த வரிசையில் வெளிவந்தன. கதைக்காலத்தில் பின்லாந்துதான் முன்னால். எனவே மாற்றிப் படியுங்கள். இரண்டாம் போருக்குப் பின் ஸ்டால்ஹைன் சோவியத் தலைமையிலான கிழக்கு அணிக்காக வேலை செய்து, அவர்களாலேயே சகாலின் தீவில் சிறை வைக்கப்பட, 'பிகிள்ஸ் பரீஸ் எ ஹாட்செட்' (1958) நாவலில் அவனை மீட்கப் போவது பிகிள்ஸ். 'பிகிள்ஸ் லுக்ஸ் பேக்' (1965) இன்னும் ஒரு படி பின்னே போகிறது. அதற்கு முன் 'அஃபேர் டி கேர்' கதையை ஒருமுறை திரும்பப் படித்துவிடுங்கள்.

1947இல் 'சார்ஜெண்ட் பிகிள்ஸ்வொர்த் சிஐடி'யோடு தொடங்கும் வான்காவல்துறைக் கதைகள் எண்ணிக்கையில் அதிகம், தரத்தில் மேடுபள்ளம். நாலைந்து படித்துவிட்டு நிறுத்தினால் நஷ்டமில்லை. 1899இல் பிறந்தவன் 1960களிலும் அதே சுறுசுறுப்போடு விமானம் ஓட்டுவதைக் கணக்குப் பார்க்காதீர்கள், ஜான்ஸும் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் ஒன்று கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள், ஆசியா ஆகிய இடங்களில் நடக்கும் கதைகளில் உள்ளூர் மக்கள் கூலிகளாகவோ முரடர்களாகவோ வந்துபோவார்கள். இனப்பெயரிட்டு இழிவாகப் பேசுவதும் உண்டு. அது பேரரசுக் காலத்து மனநிலை. முதலாம் போர்க் கதைகளில் இது மிகக் குறைவு, அவற்றில் தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கூடவே இந்திரலால் ராயைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்: 1898இல் கல்கத்தாவில் பிறந்து, பிகிள்ஸ் பறந்ததாக எழுதப்பட்ட அதே வானில் 40ஆம் ஸ்குவாட்ரனின் எஸ்.இ.5ஏ விமானத்தில் பறந்து, 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வெற்றிகள் பெற்று, 22ஆம் தேதி 19 வயதில் இறந்தவர். ஜான்ஸின் கதைகளில் அப்படி ஒரு இந்திய விமானிக்கு இடம் கிடைக்கவில்லை.

பெண் விமானி வேண்டுமென்றால் ஜான்ஸே 1941இல் தொடங்கிய வொரல்ஸ் வரிசை இருக்கிறது, 11 புத்தகங்கள். பிகிள்ஸ் ஓய்வுபெறத் தயாராகும் 'பிகிள்ஸ் டஸ் சம் ஹோம்வொர்க்' ஜான்ஸ் இறக்கும்போது பாதியில் நின்றது, 1997இல்தான் அச்சேறியது. சேகரிப்பாளர்களுக்கு அது பொக்கிஷம்; தொடங்குபவர் அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.